இரண்டு டிகிரி

தடைக்காலம். லாஞ்சு கரையில்.
அறுபத்தோரு நாளில் முப்பதாம் நாள்
கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி
முப்பத்து மூன்று என்கிறது.
தேசப்பன் அதைப் பார்த்துக்கொண்டே
பல் துலக்குகிறான்.

ஆறடித் தொட்டி. அரை டன் தண்ணீர்.
ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடிக்கு
ஐந்து பேர் இதைத் தூக்கி ஏற்றிய அன்று
கீழ்வீட்டு கம்சலா கத்தினாள்:
"எந்நாளாவது என் தலையில எறங்கப் போவுது."
கொளத்தூரில் கடையை மூடிப் போன ஒருத்தன்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டது.
உள்ளே பதினொரு கோல்டு ஃபிஷ்.
குளிர் கேட்கும் மீன் என்று அவன் சொல்லவில்லை.
நாங்களும் கார்த்திகையில் வாங்கினோம்.

சூடான தண்ணீரில் காற்று தங்காதாம்.
மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன,
ரேஷன் கடை வரிசையில்
சர்வர் வரும்வரை முணுமுணுப்பவர்கள் மாதிரி.

மூடியைக் கழற்றினோம். விளக்கை அணைத்தோம்.
ஜன்னலில் ஈரக் கோணி.
வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன்
இப்போது தண்ணீரின் முதுகை விசிறுகிறது.
நாளுக்கு ஒரு விரல் வற்றுகிறது.
லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து
குளோரின் வாடை போக ஒரு நாள் வைத்து
ஊற்றி ஊற்றி நிரப்புகிறேன்.
நாங்கள் வியர்வை சொட்டச் சாப்பிடுகிறோம்.

ஐஸ் கேட்டு காசிமேடு போனான்.
பாதி ஃபேக்டரி பூட்டு.
திறந்திருந்த ஒன்றில்
தெரிந்த கணக்குப்பிள்ளை கேட்டாராம்:
"போட்டே போவல, ஐஸ் எதுக்குடா?"
"மீனுக்கு."
"எந்த மீனுக்கு?"
"உசுரோட இருக்கற மீனுக்கு."
அதற்கப்புறம் அவர் துட்டு வாங்கவில்லை,
சிரிப்பை நிறுத்தவும் இல்லை.

அந்த ஐஸை நேராகப் போடக் கூடாது.
துருவும் அம்மோனியா வாடையும் அதில்.
செத்ததுக்குச் சரி.
உடைத்து, ஊறுகாய் ஜாடிகளில் அடைத்து
மூடி இறுக்கி மிதக்கவிட்டோம்.
ஒரு பார், உமியும் சாக்கும் சுற்றியும்
இரண்டாம் நாள் பொழுது சாயத் தண்ணீராகிவிட்டது.

பிறகு மாடிக்கு மாடி ஃப்ரீசர்.
ஜெசிந்தா வீட்டில் இரண்டு பாட்டில்,
மைமூன் வீட்டில் மூன்று, இறைச்சிக்கு அடியில்,
எங்கள் வீட்டில் இரண்டு.
கம்சலா வீட்டில் ஒன்று. நாங்கள் கேட்கவே இல்லை.
அதன் மேல் அவளே பேனாவால் எழுதியிருக்கிறாள்:
குடிக்காதே. மீனோடது.

அதிகம் போட்டாலும் ஆபத்து.
ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி.
அதற்கு மேல் சட்டென்று இறக்கினால்
குளிரே கொன்றுவிடும்.
தேசப்பனுக்கு இது மட்டும் பிடிபடவில்லை.
மீன் விஷயத்தில்
இவ்வளவு கொஞ்சமாக எதையும்
அவன் செய்ததே இல்லை.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் போச்சு.
டிரான்ஸ்ஃபார்மர் என்றது தெரு.
மோட்டார் நின்ற பிறகுதான் தெரிந்தது
இந்த வீடு இத்தனை நாள்
எவ்வளவு சத்தமாக மூச்சுவிட்டதென்று.
சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான்.
மொண்டு, ஊற்றி, மொண்டு.
அவன் கை ஓய நான் வாங்கிக்கொண்டேன்.
மூன்றரைக்குக் கம்சலா படியேறி வந்தாள்,
முந்தானையில் சுற்றிய பாட்டிலோடு.
"உருவறதுக்குள்ள போடு" என்றவள் போகவில்லை.
சொம்பை அவளும் வாங்கினாள்.
செல்போன் வெளிச்சத்தில்
மூன்று பேரும் பேசாமல் ஊற்றினோம்.

விடியும்போது பத்து நீந்தின.

பதினொன்றாவதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே
நின்றுவிட்டான் தேசப்பன்.
கூடை கூடையாகக் கரையில் இறக்கினவன்.
இதை என்ன பண்றது என்று
என்னைக் கேட்டான்.

எனக்கு மட்டும் தெரியுமா.
கண்ணாடியில் குனிந்து பார்த்து
முப்பத்து ரெண்டு என்றேன்.
கம்சலா சொம்பைக் கீழே வைக்கவில்லை.
கரண்ட் இன்னும் வரவில்லை.